நடுவில் ஆங்கிலம் வேண்டாம்

"மசல் எண்டால் ஸ்வல்... மற்ற மசல் எண்டால் ஸ்லாவ்கா... ஐயோ, இதில எது தசை, எது சிப்பி?"

கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள் சாரங்கா. இந்தத் தடவையும் பிழைதான். டிரெஸ்டனில் ரயில் ஏறியதிலிருந்து இதே கூத்து.

கொலோனில் பிறந்து வளர்ந்தவள் பிராக் நகரத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே நோயாளிகளுக்குச் செக் மொழி மட்டும்தான் தெரியும். அவர்களோடு செக்கில் பேசிக் காட்டும் தேர்வில் தேறினால்தான் வார்டுக்குள் விடுவார்கள். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. நாளைக் காலை மூன்றாவது... அதுதான் கடைசி. அதுவும் போனால் படிப்பே போச்சு.

போன முறை நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கிற சொற்கள் அவள் தலைக்குள் முட்டி மோதி, செக்கில் வெளியே வரும்போது ஆள் மாறிவிடும். தோளில் தசை பிடித்துக்கொண்ட கிழவரிடம் போய், "உங்கள் சிப்பி வலிக்கிறதா?" என்று கேட்டு வைத்தாள். பாவம், மனிதர் மதியச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்திருப்பார்.

எதிர் இருக்கையில் ஒருவன். மாநிறம், சுருள் முடி... அந்தக் கண்கள். தூக்கம் போதாத கண்கள்தான், ஆனால் ஒரு சிரிப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தன. 'எங்கட ஆளோ?' என்று ஒரு கணம் யோசித்தாள். டிக்கெட் பார்க்க வந்தவரோடு அவன் தண்ணீர் பட்ட பாடாய்ச் செக் பேசியதும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டாள். எங்கட ஆக்கள் ஆர் இப்பிடிச் செக் கதைக்கினம்?

அக்கா லவினியா போனில் அழைத்தாள்.

"ஓம் அக்கா, படிக்கிறன்... ஒண்டும் ஏறுதில்லை. முன்னால ஒருத்தர் இருக்கிறார், துருக்கிக்காரர் போல. நான் வாய் திறந்தாலே முறைக்கிறார். வேப்பங்காய் திண்ட முகம்... ஆனா கண் மட்டும் நல்ல வடிவு அக்கா. மெய்யாத்தான்."

அவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாட் ஷண்டாவ் நிலையத்தில் ரயில் நின்றது. புயலில் தண்டவாளத்தின் மேல் மரம் விழுந்துவிட்டதாம், எல்லாரும் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டுமாம். எல்பே நதியின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாரங்கா கூரைக்குக் கீழே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதன் மறு முனையில் அவனும் வந்து உட்கார்ந்தான்.

"வேப்பங்காய் எல்லாம் இல்லைங்க," என்றான், நல்ல தமிழில். "காலைல இருந்து எதுவுமே சாப்பிடல... அதான் மூஞ்சி இப்படி."

பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"நீங்கள் தமிழோ? ஐயோ... மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா."

அவர்கள் வீட்டுப் பழக்கம் அது. முன்பின் தெரியாத தமிழ்ப் பையன் யாராயிருந்தாலும் முதல் வார்த்தை 'அண்ணா'தான். மரியாதைக்கு மரியாதை, வேலிக்கு வேலி.

"கண்ணு அழகுன்னு சொன்னீங்களே... அதுக்கும் சேர்த்தா மன்னிப்பு?"

அவள் பையைக் குடைந்து ஒரு டப்பாவை நீட்டினாள். "ரோல்ஸ். அம்மா பொரிச்சுத் தந்தவ. முதல்ல சாப்பிடுங்கோ."

பெயர் இளங்கீரன். மதுரைப் பக்கம். டிரெஸ்டனில் குடியிருக்கும் எஞ்சினியர். வாரம் முழுக்கச் செக் எல்லைக்கு அந்தப் பக்கம் ஊஸ்தி ஊர்த் தொழிற்சாலையில் வேலை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வருவான். செக் மொழியை அங்கே கேன்டீனில் பிடித்துக்கொண்டானாம். இத்தனையும் மூன்று ரோல்ஸ் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. அவளும் தன் பெயரையும், தேர்வு முடிந்து வெள்ளிக்கிழமை இதே வழியாக வீட்டுக்குத் திரும்பப் போவதையும் சொன்னாள்.

அவன் அவளுடைய அட்டைகளை வாங்கிப் பார்த்தான்.

"இங்கிலீஷ எதுக்கு நடுவுல நிக்க வைக்கிறீங்க? ரெண்டு மசலும் அங்க ஒரே மாதிரிதான் கேக்கும். தமிழ்ல தசை, சிப்பி... செக்ல ஸ்வல், ஸ்லாவ்கா. இதுல ஏதாவது கன்ஃப்யூஷன் இருக்கா?"

சாரங்கா திகைத்துப் போனாள். இவ்வளவு நாளும் தனக்கு ஏன் இது தோன்றவில்லை?

"ஹீல்?" என்று கேட்டான்.

"புண் ஆறுறது எண்டால் ஹொயித் ஸே. குதிக்கால் எண்டால் பதா."

"சூப்பர். வெயின்?"

"ரத்தக்குழாய் ஜீலா. பெருமை பிடிச்ச ஆள் மர்னிவீ."

"ரெண்டாவதுக்கு ஏங்க என்னையே பாக்குறீங்க?"

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவன் நோயாளி ஆனான். தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"க்தே தோ பொலீ?" என்று கேட்டாள் அவள். எங்கே வலிக்கிறது?

வலி தோளிலிருந்து முழங்காலுக்குப் போனது, அங்கிருந்து குதிக்காலுக்கு ஓடியது. விடாமல் துரத்தித் துரத்திச் செக்கில் கேட்டாள். ஒரு சொல் கூடப் பிசகவில்லை. மழை விட்டால் ரயில் வந்துவிடுமே... என்று அவளுக்கே ஒரு கவலை வந்தது.

அப்போது அம்மா கமலநாயகி அழைத்தாள்.

"ஆரோட கதைக்கிறாய் பிள்ளை? ஆம்பிளைக் குரல் கேக்குது."

"ஒரு அண்ணா அம்மா... இந்தியாக்காரர். செக் சொல்லித் தாறார். நீங்கள் தந்த ரோல்ஸ் குடுத்தனான்."

"அண்ணாவோ... அப்ப சரி."

நம்பர் கேட்கத்தான் இளங்கீரன் போனைக் கையில் எடுத்திருந்தான். மெல்ல அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள். 'கேளுங்கோவன்...' என்று மனம் கெஞ்சியது. 'நானாக் கேக்க ஏலுமோ? அண்ணா எண்டு கூப்பிட்ட வாயால?'

மாற்று ரயில் வந்தது. அதில் இருவரும் அதிகம் பேசவில்லை. ஊஸ்தியில் இறங்கும்போது அவன், "நாளைக்கு நல்லா பண்ணுங்க, தங்கச்சி," என்றான்.

தங்கச்சி... ஊசி குத்தியது போலிருந்தது. தான் விதைத்தது தானே, யாரை நோவது?

மறுநாள் தேர்வு அறையில் கட்டிலில் ஒரு அம்மாள் படுத்திருந்தார். "க்தே தோ பொலீ?" என்று தொடங்கினாள் சாரங்கா. சொற்கள் ஒவ்வொன்றும் ஒழுங்காக வந்து நின்றன. தேறிவிட்டாள். தோழிகள் கட்டிக்கொண்டார்கள். ஆனால் யாரிடம் முதலில் சொல்ல மனம் துடித்ததோ, அவனுடைய நம்பர் அவளிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் கொலோனுக்குப் புறப்பட்டாள். ஊஸ்தியில் ஏறியவர்களை எல்லாம் பார்த்தாள். பெட்டி பெட்டியாக நடந்தும் பார்த்தாள். அவன் இல்லை. 'போகட்டும்... தங்கச்சி எண்டு சொன்ன ஆள்தானே,' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கண்ணீர் கேட்கவில்லை.

ரயில் பாட் ஷண்டாவில் நின்றது. வெளியே மறுபடி மழை. அதே கூரை, அதே பெஞ்ச்... அவன். நின்ற ரயிலின் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடிக்கொண்டிருந்தான்.

டிரெஸ்டனில் மாறவேண்டிய கொலோன் ரயில், சோறு வைத்துக்கொண்டு காத்திருக்கும் அம்மா... எல்லாம் நினைவுக்கு வந்தன. கதவு மூடப்போவதாக மணி அடித்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு குதித்து இறங்கிவிட்டாள்.

"இஞ்ச என்ன செய்யிறீங்கள்?"

"மத்தியானமே வந்துட்டேன். நீங்க எந்த ட்ரெயின்னு தெரியல... வர்ற எல்லா ட்ரெயினையும் பாத்துட்டு இருக்கேன். பாஸா?"

"ஓம்."

அவன் முகம் மலர்ந்தது. உடனே ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி அந்த வேப்பங்காய் முகமானது. சாரங்கா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அசல் டாக்டர் குரலில் கேட்டாள்:

"க்தே தோ பொலீ?"

"நீங்க அண்ணான்னு கூப்பிட்ட இடத்துல."

அவள் அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குது சாரங்கா," என்றான் அவன். "ரோஷத்துல நானும் தங்கச்சின்னு சொல்லிட்டேன். பொய். அன்னைக்கு ட்ரெயின்ல முறைக்கலைங்க... கண்ண எடுக்க முடியல. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

போன் அடித்தது. அம்மா.

"எங்க பிள்ளை நிக்கிறாய்? ஆரோட?"

சாரங்கா அவனைப் பார்த்தாள். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இளங்கீரனோட, அம்மா."

"அது ஆர்?"

"அண்டைக்கு அண்ணா எண்டு சொன்னனே... அவர்தான். பிழையாச் சொல்லிப்போட்டன் அம்மா. அவர் அண்ணா இல்லை. நான் விரும்பிற ஆள்."

கூரையில் மழை விழும் ஓசை மட்டும் கேட்டது. இளங்கீரன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப..." என்றாள் அம்மா கடைசியில், "அந்த ரோல்ஸ் அவருக்குப் பிடிச்சதாமோ?"