மெஷின் தாண்டிப் போகும் வரிகள்

ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் பந்தல்குடிப் பக்கம் மழை தலைவைத்துப் படுக்கவில்லை. தினமும் நாலு மணிக்கு மேகம் கூடும். இருட்டும். காக்காய்கள்கூட நம்பி மரத்துக்குத் திரும்பிவிடும். அப்புறம்... ஒன்றும் நடக்காது. மேகம் அப்படியே தூத்துக்குடி ரோட்டைப் பிடித்து, லாரியோடு லாரியாகப் போய்விடும்.

இப்படிப்பட்ட சீமையில் குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவளைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். சுகப்பிரியா எடுத்துவரவில்லை. அன்றைக்கென்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு துளியும் ஒரு கொட்டைப்பாக்கு கனம். ரோட்டோரம் தூங்கிய நாய், எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் குரைத்தது. அது பிறந்து இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை, பாவம்.

துப்பட்டாவுக்குள் ஆபீஸ் மெஷினை அணைத்துக்கொண்டு ஓடினாள் சுகப்பிரியா. செருப்பில் கரிசல் மண் அப்பி, காலுக்குக் கால் ஒரு படி மண் கூடவே வந்தது. பஞ்சர் கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே ஒரு சின்னக் கடை... கதவு திறந்திருந்தது... பாய்ந்தாள்.

"நில்லுங்க! உள்ள வராதீக!"

குரல் வந்தது. அதற்குள் கால் போய்விட்டது.

டொக்.

தரை முழுக்கச் சாக்கு விரித்து, பஸ் கண்டக்டர் கையில் இருக்குமே, அந்த அளவில் கைக்கணினிகள்... முதுகு திறந்து, வயிறு திறந்து, வரிசையாகக் கிடந்தன. அதில் ஒன்று அவள் செருப்புக்கடியில் இரண்டாகியிருந்தது.

"போச்சு," என்றான் உள்ளே உட்கார்ந்திருந்தவன். கையில் ஸ்குரூடிரைவர், காதில் பென்சில். "இப்பத்தான் உசுரு வந்துச்சு அதுக்கு."

"நடைபாதையில கடையைப் பரப்பி வச்சா கால் எங்க வைக்கிறதாம்?"

"இது நடைபாதை இல்லீங்க, என் கடை."

"கடைன்னா ஒரு போர்டு வேணாமா?"

"போர்டு அந்தா... உங்க தலைக்கு மேல தொங்குது."

நிமிர்ந்தாள். 'அழகுராஜா – கைக்கணினி, டிக்கெட் மெஷின் பழுது பார்க்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மழை நீர் அதிலிருந்து சொட்டி அவள் மூக்கிலேயே விழுந்தது.

சிரித்துவிட்டான். சிரித்தவன், அவள் கண்ணைப் பார்த்தான்... சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. அந்தக் கண்ணுக்கு வர்ணனை சொல்ல வேண்டுமென்றால், மழை பெய்து முடிந்த மறுநாள் கண்மாய்த் தண்ணீரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்த ஊரில் அது எட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

'என்ன இப்பிடிப் பாக்குறாரு... மூஞ்சில மண்ணு இருக்கோ?' என்று துடைத்துக்கொண்டாள் சுகப்பிரியா. இருந்தது. துடைத்ததில் இன்னும் பரவியது.

அவள் மெஷினுக்குள்ளும் தண்ணீர் போயிருந்தது. திருச்சுழியில் இருக்கும் விவசாயிகள் கம்பெனியில் அவளுக்கு வேலை. சுற்றுவட்ட ஊர்களில் நட்ட மழைமானிகளில் எவ்வளவு பெய்தது என்று பார்த்து இதில் ஏற்ற வேண்டும். ஆறு வாரத்து அளவுகள் உள்ளே. ஒரு வாரமாகவே அது மக்கர்தான். 'இந்தக் கருவிக்கு ஆதரவு முடிந்தது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டுச் சொன்ன பேச்சு கேட்கவில்லை.

"குடுங்க," என்றான் அழகுராஜா. "செஞ்சவுக கைவிட்டாத்தான் என்ன? உள்ள இருக்குற சிஸ்டத்தை எடுத்துட்டு லினக்ஸ்னு வேற ஒண்ணை ஏத்திருவோம். ஊரு பூராம் சேர்ந்து எழுதுனது. பூட்டு கிடையாது. யார் வேணாலும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் குடுக்கலாம்."

"என் ஆறு வாரத்து மழை?"

"ஒரு சொட்டு சிந்தாது."

ஒன்றரை மணி நேரம் மழை. ஒன்றரை மணி நேரம் அவன் தலை நிமிரவில்லை... அதாவது அவள் பார்த்தபோதெல்லாம் நிமிரவில்லை. பார்க்காதபோது நடந்ததற்குக் கணக்கு இல்லை.

கடைசியில் மெஷினை நீட்டினான். திரையில் தமிழ்! 'மழை எம்புட்டு?' என்று கேட்டது. அடியில் மூன்று பொத்தான்கள்... பேஞ்சுச்சு. தூறுச்சு. ஏமாத்திருச்சு.

"இது என்ன, ஏமாத்திருச்சு?"

"மேகம் கூடி, இருட்டி, ஆசை காட்டிட்டுப் போகுதுல்ல? நம்ம ஊர்ல அதுதானங்க அதிகம்? அதுக்கு ஒரு பொத்தான் வேணாமா?"

சுகப்பிரியா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் பஞ்சர் கடைக்காரர் டியூப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உள்ள வேற என்னென்ன எழுதி வச்சிருக்கீக?"

"திருத்துன்னு ஓரத்துல ஒரு பொத்தான் இருக்கு. அமுக்குனா அம்புட்டும் தெரியும். இந்தா, வரிக்கு முன்னால இப்பிடி ரெண்டு கோடு குறுக்க, ரெண்டு கோடு நெடுக்க ஒரு குறி போட்டிருக்கேன்ல? இந்தக் குறி இருந்தா மெஷினு அந்த வரியைப் படிக்காது. தாண்டிப் போயிரும். அது மனுசர் படிக்கறதுக்குன்னே எழுதுறது."

"யாரு உக்காந்து படிக்கப் போறா?"

"யாராவது ஒருத்தர் படிக்காமலா போயிருவாக..."

மழை நின்றது. பஸ்ஸு வந்தது. சுகப்பிரியாவுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் ஊருக்குப் போகும் பரளச்சி பஸ்ஸு சரியான நேரத்துக்கு வந்ததில் கோபம் வந்தது.

பரளச்சியில் மழைமானிக்குக் காவல் அவள் அப்பா பூமிநாதன். கம்பும் மல்லியும் போடுகிறவர். அந்த மூன்றாவது பொத்தானைப் பார்த்துவிட்டு, "எவன்டா இவன்... விவசாயி மனசுக்குள்ள பூந்து எழுதியிருக்கான்!" என்றார். மூன்று நாள் அதையே ஊருக்கெல்லாம் காட்டினார். கம்பெனியில் விஷயம் பரவியது. நாற்பது ஊர் மழைமானிக்காரர்களுக்கும் நாற்பது பழைய மெஷின்கள் அழகுராஜா கடையிலிருந்தே போயின. சனிக்கிழமைதோறும் எல்லாரும் திருச்சுழி ஆபீசில் கூடுவார்கள். அவன் அந்த வாரம் திருத்தியதை எல்லா மெஷினிலும் ஏற்றிவிட்டுப் போவான். ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் ஊர் வழக்குப்படி பயிர்ப் பெயரை மாற்றினார்கள். ஒருவர் திருத்தியது மற்ற எல்லாருக்கும் போகும்.

சுகப்பிரியாவின் மெஷினுக்கு மட்டும் சனிக்கிழமை போதவில்லை. திங்கள் பேட்டரி. புதன் பொத்தான். வியாழன் 'என்னமோ ஒரு சத்தம் வருதுங்க.' உலகத்தில் எந்தக் கருவிக்கும் அத்தனை நோய் வந்ததில்லை.

"இங்கன வச்சா சத்தம் வரலையே?"

"நான் தூக்குனாத்தான் வருது."

"அப்ப மெஷின்ல இல்ல சத்தம்..." என்று தொடங்கியவன், பென்சிலைக் காதில் சரிசெய்துகொண்டு நிறுத்திவிட்டான். எப்போதும் அங்கேயேதான் நிறுத்துவான். அவளும் காத்துக் காத்துப் பார்த்தாள். ஐப்பசி மேகம் மாதிரி கூடும்... இருட்டும்... போய்விடும்.

கார்த்திகை நடுவில் வந்தது வினை.

மதுரையிலிருந்து ஒரு கம்பெனி. அவன் எழுதியதை மொத்தமாக வாங்கிக்கொள்ளும், வேலையும் தரும். ஒரே ஒரு நிபந்தனை, பூட்டுப் போட வேண்டும். அவர்களைத் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. செய்தி கொண்டுவந்தவள் சுகப்பிரியாதான். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் அப்பாவிடம் பேசிப் பார்த்துவிட்டாள்... 'மதுரைக் கம்பெனியில வேலைப்பா...'

"மாட்டேன்," என்றான் அழகுராஜா. "ரிப்பேருக்குக் கூலி வாங்குறேன். அது போதும். ஊரு சேர்ந்து எழுதுனதுக்கு மேல உக்காந்து எழுதிட்டு, அதுக்கு நான் பூட்டுப் போடவா?"

"சும்மா குடுக்குற பொருளுக்கு மதிப்பு கிடையாதுங்க!"

"மதிப்பு இல்லாமத்தான் உங்கப்பா ஊரெல்லாம் காட்டுனாரா?"

"அது வேற. எல்லாத்தையும் சும்மா தூக்கிக் குடுத்துட்டு நிக்கிற ஆளை எங்கப்பா எப்பிடி..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவன் காதில் விழுந்தது வாக்கியத்தின் முன்பாதி மட்டும்தான். ஆம்பிளைகளுக்குப் பின்பாதி எப்போதுமே விழாது.

"நிக்கிற ஆளு நின்னுட்டுப் போறேன். உங்க மெஷினு நல்லாத்தான் இருக்கு. இனிமே பழுது வராது."

"வராது!" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அடுத்த சனிக்கிழமை அவன் ஆபீசுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீரசோழன் பாதையில் மழைமானி பார்க்கும் வெள்ளைத்தாய்தான் மெஷின்களைக் கோத்து, ஒருவர் திருத்தியதை மற்றவருக்கு ஏற்றிவிட்டாள்.

வீட்டில் அம்மா ராஜேஸ்வரி மெதுவாக ஆரம்பித்தாள். "வெள்ளிக்கிழமை உன்னைப் பாக்க வாராக. கோயம்புத்தூர் மாப்பிள்ளை. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிரு."

என்னத்தைச் சொல்வது? 'வேற ஒருத்தர் இருக்காரு' என்று சொல்ல, அந்த ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? அவன் மனசில் ஒன்றுமே இல்லாவிட்டால்? அம்மாவுக்குத் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று ராத்திரி கூரையை எண்ணினாள். ஓடு ஒன்றுகூடக் குறையவில்லை.

புதன்கிழமை ஆபீசில் வெள்ளைத்தாய் பிடித்துக்கொண்டாள்.

"ஏ பிள்ள சுகா, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாராகளாமே? அப்ப அந்தத் தம்பிக்கு என்ன பதிலு?"

"எந்தத் தம்பிக்கு? என்ன கேட்டாக, பதில் சொல்ல?"

வெள்ளைத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அடிப் பாவி... நீ படிக்கவே இல்லையா? நாப்பது ஊரும் படிச்சிருச்சே! கம்பு, சோளம்னு திருத்தத் திறக்கறவுக எல்லாம் அதைப் படிச்சிட்டுத்தான் மூடுறாக!"

சுகப்பிரியா மெஷினை எடுத்தாள். திருத்து. அமுக்கினாள். வரிகள் ஓடின. கீழே, இன்னும் கீழே... குறி போட்ட வரிகள். மெஷின் தாண்டிப் போகும் வரிகள்.

# ஐப்பசி 10. ஒரு பொண்ணு வந்து ஒரு மெஷினை மிதிச்சா. மெஷினு பிழைக்கல. நானும்.

# சிரிக்கும்போது கண்ணு முதல்ல சிரிக்குது. வாய் பின்னாலதான் வருது. காரணம் தெரியல. மறுபடி பாத்துச் சரிபாக்கணும்.

# பேட்டரி சரியில்லன்னு வந்தா. பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல.

# இன்னைக்குச் சொல்லிரலாம்னு பாத்தேன். ஏமாத்திருச்சு.

தன் மேசை மெஷினில் தனக்கென்று எழுதியவன், அதே பிரதியை வாராவாரம் நாற்பத்தொரு மெஷினிலும் ஏற்றிவிட்டிருந்தான்! பூட்டே போடத் தெரியாதவன் இதை மட்டும் எங்கே பூட்டப் போகிறான்?

அதோடு முடியவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அடியில் தொடர்ந்தது...

# சீக்கிரம் சொல்லுங்க தம்பி. எங்களுக்கு நெஞ்சை அடைக்குது. – வெள்ளைத்தாய்

# வீரசோழன்ல எல்லாருக்கும் சம்மதம்.

# எங்க ஊர்லயும். பந்தி எப்ப?

கடைசி வரி, போன சனிக்கிழமை ஏறியது. எழுத்துக்கு எழுத்து தேடித் தேடித் தட்டியது தெரிந்தது.

# எழுத்து நல்லாருக்கு. ஒளிக்காம எழுதியிருக்கது பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை ஆள் வாராக. அதுக்கு முந்தி வாறதுன்னா வரலாம். – பூமிநாதன், பரளச்சி

அப்பா! தினமும் எதிரே உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற அப்பா...

மறுநாள் காலையில் அவள் செருப்பை மாட்டியபோது பூமிநாதன் மல்லி விதையைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா... பந்தல்குடி போயிட்டு வாரேன்."

"மழைமானி பாக்கவா தாயி?"

"ஆமாப்பா."

"நல்லாப் பாரு," என்றார், தலையைத் தூக்காமல். மீசைக்குக் கீழே மட்டும் என்னமோ அசைந்தது.

கடையில் அழகுராஜா தனியே இருந்தான். அவளைக் கண்டதும் காதுப் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

மெஷினை அவன் முன்னால் வைத்தாள். "பழுது."

"பழுது வராதுன்னு..."

"பாருங்க."

திரையைப் பார்த்தான். முகம், மிளகாய் களத்தில் காயப்போட்ட மாதிரி சிவந்தது. "ஐயோ... இது எப்பிடி... இது உங்க மெஷின்லயுமா?"

"நாப்பத்தொரு மெஷின்லயும்."

உலகமே இடிந்து விழுந்த மாதிரி தலையில் கைவைத்தான். வைத்த கையோடு கீழே கீழே படித்தான். வெள்ளைத்தாய்... வீரசோழன்... பந்தி... பூமிநாதன். அதற்கும் கீழே ஒரு வரி. பஸ்ஸில் வரும்போது குலுங்கிக் குலுங்கி எழுதியது.

# நாப்பத்தொண்ணாவது ஆள் படிச்சிட்டேன். மெஷினு தாண்டிப் போகட்டும். நீங்க தாண்டிப் போகாதீக. – சுகா

நிமிர்ந்தான். அவள் கண்ணை முதல்முறையாக, ஒளிக்காமல், முழுசாகப் பார்த்தான்.

"சும்மா குடுக்குறதுக்கு மதிப்பு இல்லைன்னீக..."

"கோவத்துல சொன்னேன். அந்தப் பேச்சுக்குப் பின்பாதி ஒண்ணு இருந்துச்சு, நீங்க கேக்கவே இல்ல. எங்கப்பாட்ட உங்களை எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாமதான்..." குரல் இறங்கியது. "நீங்க பூட்டே போட வேணாம். எழுதுனதை ஒரு தடவை வாயாலயும் சொல்லிருங்க. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"பிடிச்சிருக்கு சுகா," என்றான். "நீ அந்த மெஷினை மிதிச்ச நிமிசத்துலருந்து. இன்னைக்கே பரளச்சி வாரேன். உங்கப்பாட்ட நானே சொல்லுறேன்."

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வானம் துடைத்துவைத்த பித்தளைத் தாம்பாளம் மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் கிடையாது. மேசை மேல் மெஷின் வழக்கம்போல 'மழை எம்புட்டு?' என்று கேட்டது.

அழகுராஜா ஒரு விரலை நீட்டினான். 'பேஞ்சுச்சு'. அமுக்கினான்.

"பொய்யா ஏத்தாதீக! அது கம்பெனிக்குப் போகும்!"

"பொய்யா?"

சுகப்பிரியா மெஷினைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். திருத்து பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது... திருத்தவில்லை.

சனிக்கிழமை ஆபீசில் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். "வியாழக்கிழமை ஜில்லா பூராம் வெயிலு. பந்தல்குடியில மட்டும் எப்பிடிய்யா மழை பேஞ்சுச்சு?"

நாற்பது மழைமானிக்காரர்களும் கூரையைப் பார்த்தார்கள். பூமிநாதன் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"பேஞ்சுச்சுங்க. பரளச்சி வரைக்கும் வந்துச்சு."