கம்பித் தையல்

மரவெட்டி பாலத்தின் மீது ஒரு காலை எடுத்து வைத்திருந்தான். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கால் அங்கேயேதான் இருந்தது.

நடக்கவே முடியாத காரியம். நீலமும் வெள்ளையுமான பழைய இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய காகிதத்தில் அச்செடுத்து, அதைத் தட்டின் மேல் ஒட்டித் தேய்த்துச் சூளையில் வைப்பார்கள். தகடு ஒன்று என்றால் படமும் ஒன்றுதான். ஆற்றுக்கு அக்கரையில் கோடரியோடு மரவெட்டி, நடுவில் பாலம், இக்கரையில் வீடு, ஜன்னலில் ஒரு பெண். கூடத்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்த தட்டுகளில் அவன் ஒழுங்காக அக்கரையில்தான் நின்றான். மேஜையில் இருந்த இதில் மட்டும் கிளம்பிவிட்டான்.

இது உடைந்த தட்டு. அக்கரைக்கும் பாலத்துக்கும் நடுவே பிளந்ததை, யாரோ அந்தக் காலத்தில் துளை போட்டு, இரும்புக் கம்பியை வளைத்து மாட்டித் தைத்திருந்தார்கள். விரிசல் மட்டும் மூடாமல் அப்படியே கிடந்தது.

"கம்பியக் கழட்டாதீங்கம்மா. எங்கிட்ட வித்தவங்க அத ஒண்ணத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க" என்று விற்கும்போதே சொல்லியிருந்தார் பழைய சாமான் கடைக்காரர்.

அக்கா கேட்டுக்கொள்கிற ஆளா? துருப்பிடித்த கம்பியைக் கண்டாலே அவளுக்குக் கை அரிக்கும். நேற்றே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, புதுப்பசை தடவி, விரிசல் இருந்த இடமே தெரியாமல் ஒட்டிவிட்டாள். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டும் இருந்தாள்.

பக்கத்து அறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது. மாடிப்படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டவள், தொடை வரை மாவுக்கட்டோடு அங்கேதான் படுத்திருக்கிறாள்.

"அக்கா, வெளிய யாராவது விறகு வெட்டுறாங்களா?"

"மழை இப்படிக் கொட்டுது. இதுல எவன் வெட்டுவான்? பேசாமத் தூங்குடி."

ஆனால் அவளுக்கும் கேட்டது. ஓட்டில் விழும் மழைக்கும் தாழ்வாரத்தில் நிரம்பி வழியும் வாளிக்கும் அடியில், அவசரமே இல்லாமல், ஒரு வெட்டு, கொஞ்சம் மௌனம், மறுபடி ஒரு வெட்டு என்று அது கொல்லைப்பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. பச்சை மரம் பிளக்கும் வாசமும் ஆற்றுச் சேற்றின் வாடையும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தன.

தட்டைப் பார்த்தாள். மரவெட்டி பாலத்தைத் தாண்டியிருந்தான். ஜன்னல் பெண் இப்போது உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை நீட்டி வைத்திருந்தாள். அந்தக் காலில் ஒரு நீலக் கோடுகூட இல்லை. தொடை வரை வெறும் வெள்ளை.

அக்கா பக்கத்து அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

கொல்லைக் கதவில் வெட்டு விழுந்தது.

"யாருக்கா அது?"

"உள்தாழ்ப்பாளப் போடுடி."

"என்னால எந்திரிக்க முடியாதேக்கா."

தூக்கிக்கொண்டு ஓட முடியாது. இத்தனை நாள் அவனை அக்கரையில் நிறுத்தி வைத்தது அந்த விரிசல்தான்; அதைத் திரும்பத் திறந்தாக வேண்டும். அவன் அந்தப் பக்கத்துக்கே திரும்பிப் போயாக வேண்டும். கையால் இழுத்தாள். நகம் பிய்ந்தது. தட்டு அசையவில்லை.

இன்னொரு வெட்டு. பலகை பிளந்து விழுந்தது. நடையில் ஈரக் காலடி. கூடத்துக்கு வரவில்லை. தங்கையின் அறைப்பக்கம் திரும்பியது.

தங்கை அலறினாள்.

தட்டு மாட்ட ஆணி அடிக்கும் சுத்தியல் மேஜையில் கிடந்தது. அக்கா ஓங்கினாள். பலம் கொண்ட மட்டும் அடித்தாள்.

தட்டு இரண்டானது.

காலடி நின்றது. அலறலும் நின்றது. மழை மட்டும்.

அப்பாடா என்று மூச்சு விட்டுக் குனிந்து பார்த்தாள். ஒட்டிய இடம் அப்படியே இருந்தது. புதுப்பசை பீங்கானைவிடக் கெட்டி; எத்தனை பேருக்கு அவளே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். தட்டு வேறு இடத்தில் பிளந்திருந்தது. கூரையில் தொடங்கி, ஜன்னலுக்குள் இறங்கி, அந்தப் பெண்ணின் தோளிலிருந்து இடுப்பு வரை.

படத்தில் மரவெட்டி அந்த வீட்டு வாசற்படியில் நின்றான். கோடரி தோளில் இருந்தது. அவன் அதை அந்தப் பெண் மேல் ஓங்கவே இல்லை.

அறைக்கு ஓடினாள்.

தங்கை கட்டிலில்தான் இருந்தாள். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே கோடு. மேல்பாதி தலையணையில். கீழ்ப்பாதி சற்றுத் தள்ளி. கண்கள் அக்காவைப் பார்த்துத் திறந்திருந்தன.

மெத்தையில் ரத்தம் சிவப்பாகத்தான் பரவியது. மாவுக்கட்டைத் தொட்ட இடத்தில் நீலமானது. வெள்ளையில் மெல்லிய கோடுகளாக ஓடியது. ஆறு. பாலம். வீடு. ஜன்னலில் ஒரு பெண், கையில் சுத்தியலோடு. அவளுக்குப் பின்னால், அறைக்குள்ளேயே, மரவெட்டி.