ரைட்டர் வீட்டுக்குக் குடிபோனவர்கள்

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சமையலறைச் சுவர் சூடாக இருந்தது.

கண்ணம்மாள் உள்ளங்கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். குடிவந்த மறுநாள் காலை அது. மலையில் பனிமூட்டம் விலகவே இல்லை. சன்னலுக்கு வெளியே நின்ற காப்பிச் செடிகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் பட்டுச் சூடேறியிருக்க வழியே கிடையாது. ஆனாலும் அந்தச் சுவர், யாரோ இப்போதுதான் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சோறு வடித்து இறக்கியதுபோல வெதுவெதுவென்று இருந்தது.

“பழைய கல்லுச் செவுரு. அப்படித்தான் இருக்கும் புள்ள,” என்றான் அங்கப்பன், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே. ஏரிக்கரையில் ஒரு ஓட்டலில் அவனுக்குச் சமையல் மாஸ்டர் வேலை.

அவளும் அதோடு விட்டுவிட்டாள். நல்ல மனிதர் ஒருவர் கைவழியாக வந்த வீடு. சந்தேகப்படத் தோன்றவில்லை.

நல்ல மனிதரைத் தேடித்தான் அவள் அவ்வளவு அலைந்திருந்தாள். சென்னையில் சூளைமேட்டில் ஒரு புரோக்கர் ஒரே வீட்டை மூன்று குடும்பங்களுக்குப் பேசி முடித்திருந்தான். பால் காய்ச்சக் குறித்த நாளில் மூன்று வண்டிகள் சாமான்களோடு ஒரே வாசலில் வந்து நின்றன. வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தி, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். புரோக்கரின் ஆபீசில் பூட்டுத் தொங்கியது. அன்று தெருவில் நின்ற அவமானம் கண்ணம்மாளின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. புருஷனுக்கு ஏற்காட்டில் வேலை கிடைத்ததும், இந்த முறை ஆளை விசாரிக்காமல் வீட்டை விசாரிப்பதில்லை என்று முடிவு செய்தாள். மிளகுக் கடையில் கேட்டாள், பஸ் கண்டக்டரிடம் கேட்டாள், காய்கறிக்காரியிடம் கேட்டாள். எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்.

“தேவசிகாமணி வாயில பொய் வராதுங்க.”

உண்மைதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஆபீஸ் வைத்திருந்த அந்த மனிதர், கிளியூர் பாதையில் இருந்த ரைட்டர் வீட்டைத் திறந்து காட்டியபோது குறைகளைத்தான் முதலில் சொன்னார். ஒரு காலத்தில் எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டருக்காகக் கட்டிய ஓட்டு வீடு அது. சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், மரங்களைச் சுற்றி மிளகுக் கொடிகள்.

“மேக்கால மூலையில ஓடு ஒழுகுமுங்க. தண்ணி காலையில மட்டுந்தான். பொறக்கடைக்குப் போனா அட்டை ஏறும், பாத்துக்கோங்க.”

“முன்னால குடியிருந்தவங்க எப்படிங்க?” என்று கேட்டாள் கண்ணம்மாள்.

அவர் சாவியைக் கையில் திருப்பிப் பார்த்தார். “இந்த ஊட்டுக்கு வந்தவங்க ஒருத்தரும் வேற ஊட்டுக்குப் போறேன்னு எங்கிட்ட வந்து கேட்டதில்லீங்க.”

சென்னையை விட்டு வந்தபிறகு அன்றைக்குத்தான் அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

அவர் சொன்ன குறைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஓடு ஒழுகியது. அட்டை ஏறியது. ஒவ்வொரு குறை வந்தபோதும் அவர்மேல் இருந்த மரியாதை கூடத்தான் செய்தது. ஆனால் அவர் சொல்லாத சிலவும் வந்தன. காலையில் அங்கப்பன் வேலைக்குப் போய்விட்டபின், மத்தியானங்களில், பனி சன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஈரமாகப் படியும் நேரத்தில், பக்கத்து அறையில் பாய் உதறும் ஓசையும், வயதான ஒருவர் தொண்டையைச் செருமும் ஓசையும், தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓசையும், எங்கோ தொலைவில் நடப்பதுபோல ஆனால் கையெட்டும் இடத்தில் கேட்டன. போய்ப் பார்த்தால் அறை காலியாக இருக்கும். காலி அறையில் ஆள் எழுந்துபோன சூடு இருக்கும். தலைக்குத் தேய்த்த விளக்கெண்ணெய் வாடையும், நனைந்த கம்பளி வாடையும், கைக்குழந்தையின் பால் வாடையும் கலந்து முகத்தில் அடிக்கும்.

அவள் அங்கப்பனிடம் சொன்னாள். அவன் கேட்டதுபோலத் தெரியவில்லை. குடிவந்ததிலிருந்தே அவன் பேச்சு குறைந்துகொண்டு வந்தது. அடுப்படியில் நாள் முழுக்க நிற்கிற மனிதன், களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் அவனுக்குத் தட்டு வைத்தாள்.

“நான்தான் சாப்பிட்டாச்சே,” என்றான்.

“ஓட்டல்லீங்களா?”

“இங்கதான். மத்தியானம் எல்லாரும் உக்காந்து சாப்பிட்டமே புள்ள.”

“எல்லாரும்னா?”

கேள்வியே விளங்காதவன்போல அவன் அவளைப் பார்த்தான். அவன் விரல்களில் கருவாட்டுக் குழம்பு மணந்தது. அந்த வீட்டுக்குள் கருவாடு வந்ததே இல்லை.

மறுநாள் அவள் வாசலில் நின்றிருந்தபோது, காப்பிப்பழ மூட்டையோடு பாதையில் போன ஆராயி என்ற எஸ்டேட் கூலிக்காரப் பெண் சிரித்தபடி நின்றாள். “நொம்ப நாளாப் பூட்டிக் கெடந்த ஊடுங்க. இப்பத்தான் நெறைய ஆளுங்களோட பாக்க நல்லா இருக்குது.”

“நாங்க ரெண்டே பேருதானுங்க.”

ஆராயியின் பார்வை கண்ணம்மாளின் தோளுக்குப் பின்னால் போனது. சிரிப்பு மெல்ல நின்றது. மூட்டையைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தாள்.

கண்ணம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கைநீட்டிக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாடி ஏறினாள்.

தேவசிகாமணி அவளை உட்காரச் சொன்னார். மூச்சு வாங்க அவள் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். எதையும் மறுக்கவில்லை.

“அப்பவே சொன்னனுங்களே,” என்றார் மெதுவாக. “வந்தவங்க ஒருத்தரும் போறேன்னு கேட்டதில்லைன்னு.”

“அப்ப அவங்கெல்லாம் எங்கீங்க?”

“அங்கதானுங்க.”

“நாங்க இன்னைக்கே காலி பண்ணிடறமுங்க. அவரு வேலை முடிஞ்சு வந்ததும் கெளம்பிடறோம்.”

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். “ஓட்டல்ல அவரைத் தேடறாங்கம்மா. குடிபோன நாள்ல இருந்து அவரு வேலைக்கே வரலியாம்.”

“தெனமும் விடிஞ்சதும் போறாருங்களே! நான்தான் வாசல்ல நின்னு பாக்கறேனே!”

“ஊட்டை உட்டு அவரு வெளிய வரலீங்க,” என்றார். பிறகு, உதவி செய்கிற குரலில், உண்மையான இரக்கத்தோடு கேட்டார்: “வேற ஊடு ஒண்ணு பாக்கட்டுங்களா? மாரமங்கலம் பக்கம் இருக்குது. ஒருத்தருக்குப் போதும்.”

அவள் எழுந்து ஓடினாள். பாதையை மூடியிருந்த பனியில் மரங்கள் திடீர் திடீரென்று எதிரே வந்து நின்றன. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. நின்று தேடவில்லை. பிற்பகல்தான் என்றாலும் வெளிச்சம் சாம்பல் பூத்திருந்தது. பறவைச் சத்தம் இல்லை. தோட்டத்தில் ஆள் சத்தம் இல்லை. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். சாமான்கள் கிடக்கட்டும். சேலம் பஸ் ஒன்று இருக்கும். ஏறிவிடலாம்.

அவள் பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது.

உள்ளே சுடுசோற்று ஆவி. பேச்சில்லை. மெல்லும் ஓசை மட்டும். நிதானமாக. ஒரே சீராக.

கூடத்தில் அவர்கள் பந்தியாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சுவரைப் பார்த்தபடி. எல்லோர் முதுகும் அவள் பக்கம். ஆண்கள். பெண்கள். கம்பளி போர்த்திய ஒரு கிழவர். மடியில் குழந்தையோடு ஒருத்தி. நெருக்கியடித்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி, கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. கடைசியில், அந்தப் பிள்ளைக்காரியை அடுத்து, அங்கப்பன்.

கைகள் தட்டுக்கும் வாய்க்கும் ஒன்றாகப் போயின. ஒன்றாக வந்தன.

கண்ணம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. எப்போதும்போலவே கூப்பிட்டாள்.

“ஏனுங்க...”

கைகள் நின்றன. எல்லாக் கைகளும்.

ஒருவரும் திரும்பவில்லை. மெல்லும் ஓசை அடங்கியது. கூரையில் இருந்து ஒரு சொட்டு விழுந்தது.

பிறகு, தலை நிமிராமல், தரையைத் தேய்த்துக்கொண்டு, மொத்தப் பந்தியும் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. அங்கப்பனும் நகர்ந்தான். அவனுக்கும் அந்தப் பிள்ளைக்காரிக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விழுந்தது. குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு அவள் ஒரு கையை நீட்டி, ஆவி பறக்கும் தட்டொன்றை அந்த இடத்தில் வைத்தாள்.