ஜெலியான் தொடாத சோறு

"என்கிட்ட சொல்லத் தோணல. இவன்கிட்ட மட்டும் சொல்லத் தோணிச்சு. அப்படித்தானே?"

"கத்தாதடா உம்பாட்" என்றான் ஜெலியான். "காட்டுக்குள்ள இருக்கோம்."

"காடும் கேக்கட்டும். முப்பது வருஷம் கூட நடந்தவன் நாளைக்குக் கடல் தாண்டி ஜொகூருக்குப் பிளேன் ஏறப் போறான். அதை மூணாம் மனுஷன் வாயால நான் கேக்கணுமா?"

"மூணாம் மனுஷனா? நானா?" என்றான் லிடோம். "அப்ப என் முதுகுல தொங்குற உன் பானையை நீயே தூக்கிக்க."

ஜெலியான் சிரித்தான். "உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சொல்ல வரலடா. அவ்வளவுதான்."

மூன்று பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும் அறுப்புத் திருநாள் முடிந்ததும், ஓர் ஆற்றங்கரையிலிருந்து மலை ஏறி இறங்கி அடுத்த ஆற்றுக்கு மூன்று நாள் நடப்பார்கள். இன்று மூன்றாம் நாள். கீழே மரம் ஏற்றும் லாரிகள் போகும் சாலையில் ஜெலியானின் மகள் சூலாவ் வண்டியோடு காத்திருக்கிறாள். மனைவி இறந்த பிறகு தனியாகக் கிடக்கும் அப்பாவை ஜொகூரில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள். அடுத்த ஜூனில் இந்த நடை கிடையாது. உம்பாட்டை உறுத்தியது அதுதான்.

கோபத்தோடேயே இலைப்பொட்டலத்தைப் பிரித்து, புகை போட்ட மீனும் சோறுமாக நீட்டினான்.

"பசிக்கலடா" என்றான் ஜெலியான்.

இந்தக் காட்டின் இபான் மக்களில் யாரும் அதோடு விடமாட்டார்கள். நீட்டிய சோறு வேண்டாமென்றால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். தொடாமல் போனவனைக் காடு சும்மா விடாது. பாம்போ, பாறையோ, எதுவோ ஒன்று. ஜெலியானும் விரலை நீட்டத்தான் செய்தான். உம்பாட் வெடுக்கென்று இலையை மடித்துவிட்டான்.

"வேணாம்னா வேணாம். ஜொகூர்ல போய்த் தின்னு."

"டேய், அவன் தொடட்டும்டா!" லிடோமின் குரலில் விளையாட்டு இல்லை.

"விடுடா, சின்னப் புள்ளையாட்டம் பண்றான்." ஜெலியான் மூன்று தண்ணீர்ப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்கினான்.

ஓடை நல்ல ஆழத்தில் இருந்தது. போய்வர அரைமணி நேரமாவது ஆகும். உம்பாட் பற்றவைத்த சுருட்டு பாதிகூடக் கரையவில்லை, ஜெலியான் திரும்பி வந்து நின்றான். புட்டிகள் நிறைந்திருந்தன. மூச்சு வாங்கவில்லை. காலையிலிருந்து காதைத் துளைத்த சில்வண்டுகள் அத்தனையும் ஓய்ந்துபோயின.

லிடோம் முன்னால், உம்பாட் நடுவில், ஜெலியான் கடைசியில். உச்சி வெயில் நேரம்தான். ஆனாலும் அந்த மரங்களுக்கடியில் வெளிச்சம் பாசி பிடித்த கிணற்றுக்குள் விழுவதுபோல் பச்சையாக, சோர்ந்து இறங்கியது. அழுகிய இலையும் ஈரமண்ணும் கலந்த வாடையின் நடுவே வேறொரு வாடை, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை, பின்னாலிருந்து விட்டுவிட்டு வந்து உம்பாட்டின் பிடரியில் படிந்தது. தான் கால் வைக்கும்போது மட்டும் பின்னாலும் கால் வைக்கும் சத்தம். தான் நின்றால் அதுவும் நின்றது.

அட்டை பிடுங்கக் குனிந்தான். கெண்டைக்காலில் ஏழெட்டு, விரலிடுக்கில் மூன்று. லிடோமின் காலிலும் ரத்தக்கோடு. அப்படியே பின்னால் பார்த்தான்.

ஜெலியானின் காலில் ஒன்றுகூட இல்லை.

பாதையோர இலை நுனியில் ஓர் அட்டை உம்பாட்டைப் பார்த்து ஆடி ஆடி நீண்டது. ஜெலியான் ஓரடி நெருங்கினான். அட்டை சுருண்டு இலைக்கடியில் போய் ஒட்டிக்கொண்டது.

உம்பாட் சட்டென்று நிமிர்ந்தான். பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். "தொட்டுடுடா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். இப்பவாவது தொட்டுடு."

ஜெலியான் சிரித்தான். முன்பு சிரித்த அதே சிரிப்பு. அதே நீளம். விரலைச் சோற்றில் அழுத்தினான். சோறு அமுங்கவில்லை. ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை.

முன்னாலிருந்து லிடோம் மெதுவாகச் சொன்னான். "உம்பாட். திரும்பாம என் பின்னால வா. அது அவன் இல்ல."

"அப்ப அவன் எங்கடா?"

லிடோம் ஓடைப் பக்கம் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ சாலைக்குப் போ. ஆளுங்களைக் கூட்டிட்டு வா" என்றான் உம்பாட். "நான் அவனை விட்டுட்டு வரமாட்டேன்."

அதைத் தாண்டி, வந்த வழியே ஓடினான். பின்னால் காலடி கூடவே வந்தது. ஓடைச் சரிவில் வேரைப் பிடித்து, சறுக்கி, விழுந்து இறங்கினான்.

ஜெலியான் அங்கேதான் கிடந்தான்.

பாறை இடுக்கில் கால். தண்ணீருக்குள் முகம். புட்டிகள் மூன்றும் காலியாக மிதந்தன.

உம்பாட் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். நெற்றி சில்லென்றிருந்தது. "ஜொகூருக்குப் போடா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நானே வந்து வண்டி ஏத்திவிடறேன். எந்திரிடா..."

"நான் எங்கயும் போகலடா."

குரல் எதிரிலிருந்து வந்தது. முழங்கால் தண்ணீரில் இன்னொரு ஜெலியான் நின்றான். இருவர் தோளிலும் இபான் ஆண்கள் குத்திக்கொள்ளும் ஒரே கத்திரிப்பூப் பச்சை. நாள் முழுக்க உம்பாட் கேட்கத் தவித்த சொல் அதுதான். அதைக் கேட்டதும் மடியில் கிடந்தவனை இறுக அணைத்துக்கொண்டான்.

அது குனிந்தது. பாறையிலிருந்து காலை மெல்ல விடுவித்தது. இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டது.

"தலைப்பக்கம் பிடி. புள்ளை காத்திருப்பா."

உம்பாட் பிடித்தான். தனியாக அவனால் தூக்க முடியாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பாரம் பாதியாகத்தான் இருந்தது. நிஜமாகவே பாதி.

சரிவு. முகடு. இறக்கம். ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அது உம்பாட்டுடையது.

மரங்கள் விலகி, சிவப்பு மண்சாலை தெரிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்களைத் திரட்டிக்கொண்டு காட்டுக்குள் நுழையவிருந்த லிடோம் அவர்களைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்துவிட்டான். சூலாவ் வண்டிக் கதவைத் திறந்தபடியே விட்டு ஓடிவந்தாள். பாதி தூரத்தில் நின்றாள். அவள் பார்வை முதலில் தொங்கிக்கிடந்த முகத்துக்குப் போனது. பிறகு மெல்ல நகர்ந்து, அந்தக் கால்களைப் பிடித்திருந்தவனின் முகத்துக்கு ஏறியது.

"அப்பா" என்றாள்.

எந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள் என்று உம்பாட்டுக்குத் தெரியவில்லை.

கால்பக்கம் இருந்தவன் சிரித்தான்.

இதைப் படித்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஓடையில் நீங்கள் இருந்திருந்தால், தலைப்பக்கம் பிடித்திருப்பீர்களா, மாட்டீர்களா? யோசித்து, மறைக்காமல் கீழே எழுதுங்கள்.