சாட்சி சொன்ன கடலை மிட்டாய்

கோர்ட்டு வாசலை மிதிக்காமல், வாயையும் திறக்காமல், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியைக் கம்பி எண்ண வைத்த கடலை மிட்டாய் உலகத்திலேயே ஒன்றுதான். அது எங்கள் கோவில்பட்டி மிட்டாய். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இன்ஸ்பெக்டர் பாண்டியராஜனும் சிரித்தவர்தான்.

2009, சித்திரை. பத்திரகாளி கோயில் கொடைத் திருவிழா. மத்தியானம் சாத்திய நடையை மாலை நான்கு மணிக்குத் திறந்தால் அம்மனின் வெள்ளி முகத்தைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே. ஒன்று பூசாரி அய்யாத்துரையின் இடுப்பில். மற்றது தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் தர்மகர்த்தாவுமான சோலைராஜ் வீட்டில். முதலாளியைச் சந்தேகப்படுகிற துணிச்சல் அந்தத் தெருவில் ஒரு கொசுவுக்கும் இல்லை. ஆகவே அய்யாத்துரையை வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஜீப்பில் ஏற்றுவதாக ஏற்பாடு.

ஒப்புக்குச் சோலைராஜ் வீட்டுக்கும் போனார் பாண்டியராஜன். அழைக்காமலே கூட வந்தார் வெயிலுகந்தம்மாள். பௌதிகம் நடத்தி ரிட்டயரான டீச்சர். நாலு ஜில்லா தள்ளி நிற்கும் முட்டாளையும் மோப்பம் பிடிப்பவர். அவருக்கு ஜலதோஷம் வந்தால்தான் ஊருக்கு நிம்மதி.

முற்றத்து நிழலில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், வயர் சொருகியபடி. பக்கத்தில் சார்ஜர் பெட்டி. அதன் குட்டி விளக்கு, போன ஆயுத பூஜையில் அப்பிய சந்தனத்துக்குள் புதைந்து கிடந்தது.

"மத்தியானம் எங்கன இருந்தீங்க அண்ணாச்சி?"

"வீட்டுலதான். பைக்கு ஒர்க்ஷாப்புல கெடக்கு. இந்த வண்டி நேத்து ராத்திரி சொருகுனது. இந்நேரம் வரை ஒருத்தரும் தொடல. அம்மன் மேல சத்தியம்."

"கரண்ட் போகலையாக்கும்?" என்றார் டீச்சர்.

"கொடையன்னைக்குப் போகுமா? ஒரு நிமிஷம் போகல."

சோலைராஜின் மனைவி உமாதேவி கடலை மிட்டாயும் காப்பியும் வைத்தார். டீச்சர் ஒரு மிட்டாயை ஸ்கூட்டர் ஸீட்டில் வைத்தார். இன்னொன்றைச் சார்ஜர் மேல் வைத்தார்.

"தின்னத்தான டீச்சர் குடுத்தாவ?"

"சாட்சியத் தின்னுட்டா கேஸ் நிக்காது, இன்ஸ்பெக்டரே."

பாண்டியராஜன் காப்பி புரையேறச் சிரித்தார்.

காப்பி முடிந்தது. ஸீட்டில் இருந்த மிட்டாயை டீச்சர் ஒடித்தார், மொடக்கென்றது. சார்ஜர் மேல் இருந்தது, விரலில் ஈரத்துணி போலத் தொங்கியது.

"பாத்தியளா? பேட்டரி பசியா இருந்தா இந்தப் பெட்டி கரண்ட்ட முழு வேகத்துல தள்ளும். நெறைய நெறையத் தானே கொறைச்சிக்கிடும். நெறஞ்சிட்டா சொட்டுச் சொட்டாத்தான் விடும். தள்ளும்போதுதான் பெட்டி சுடும். சொட்டு விடும்போது சுடாது. ராத்திரி சொருகுனது இந்நேரம் பச்சத்தண்ணியால்லா கெடக்கணும்? இது கொதிக்குது. வண்டி இப்பத்தான் ஓடிட்டு வந்திருக்கு."

நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். சிவப்பு எரிந்தது.

"நெறஞ்சா பச்சை எரியும். உமக்கெங்க தெரியும்? பொட்டு வச்சு அதுக்குக் கண்ண அவிச்சிட்டீரே! தெரு தூங்குத நேரம், சத்தமில்லாத வண்டி, கையில சாவி. இம்புட்டுப் பசிக்கு, வண்டி அடுத்த தெருவுக்குப் போயிட்டு வரல. எட்டயபுரத்துல உம்ம மச்சினன் வீடு இருக்குல்லா?"

சோலைராஜுக்கு வேர்த்த வேர்வையில் ரெண்டு ஏக்கர் கரிசல் நனைந்திருக்கும்.

"மிட்டாய் வளைஞ்சதுக்கு ஒரு முதலாளி மச்சினன் வீட்டச் சோதனை போடச் சொல்லுதீங்களா?" என்றார் பாண்டியராஜன். "டிபார்ட்மெண்டே சிரிக்கும்."

"அய்யாத்துரைய ஜீப்புல ஏத்துனா நான் சிரிப்பேன். எது தேவலைன்னு பாத்துக்கிடும்."

அவர் சிரிப்புக்கு ஊரே பயந்தது. பாண்டியராஜன் எட்டயபுரம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். பொழுது சாயுமுன் பதில் வந்தது: மச்சினன் வீட்டு உளுந்து மூட்டைக்குள் அம்மன் முகம்.

ஜீப் புறப்பட்டது, ஏறியது தர்மகர்த்தா. வேப்பமரத்துக் கயிற்றைப் பாண்டியராஜனே அவிழ்த்தார். கயிறு அறுத்த கை காந்தியதில் அய்யாத்துரைக்குக் கண் கலங்கியது.

"யாரு சார் கண்டுபிடிச்சது? டீச்சரா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

"மிட்டாய்தான் அய்யாத்துரை. நானும் நம்பல. கண்ணால பாத்தேன்."