அளவு தப்பிய சில்லு

களனிப் பாலத்தில் ஏறும்போதே கெப் வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. பெரிய இழுவை என்று சொல்வதற்கில்லை. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், ஸ்டியரிங் மெல்ல ஆற்றுப் பக்கமாகத் திரும்பியது. புறப்படும்போதே வண்டி முன்னால் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றதைச் சுபோதினி பார்த்தவள்தான். இடச் சில்லில் ஆணி ஏறிவிட்டது, ஸ்பெயார் சில்லைப் போட்டிருக்கிறேன் என்று புருஷன் தேனுஜன் சொன்னான். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு அவனைத் தப்பாக நினைக்க மனம் வரவில்லை. வெள்ளவத்தையில் அப்பா அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்த பிளாட்டை விற்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்ற நாளிலிருந்து அவன் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. இன்று பின்னேரம் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். களனியில் வெள்ளம் ஏறுகிறதாம். அவனுடைய அக்கா ரதியும் மகளும் மேல்மாடியில் அகப்பட்டு நிற்கிறார்களாம். அவனுக்குத் துறைமுகத்தில் ஒரு லொறி திருத்த வேண்டுமாம், விடமுடியாத வேலையாம்.

"நீர்தான் போய் ஏத்திக்கொண்டு வரவேணும், சுபோ. தண்ணியைக் கண்டவுடனை ஃபோர்வீலைப் போடும், நாலு சில்லும் இழுக்கும். மிச்சத்தை கெப் பார்த்துக்கொள்ளும்."

அந்த 'சுபோ'வைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் உருகிப்போனாள், பாவி.

ஆற்றோர வீதிக்குள் திரும்பியபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மின்சாரம் போன வீடுகள் இருபக்கமும் கதவடைத்துக் கிடக்க, சேற்று நாற்றமும் மலக்குழி நாற்றமும் கலந்து உள்ளே வர, எங்கோ கட்டிவிட்டுப் போன நாயொன்று விட்டுவிட்டு ஊளையிட, வீதி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து பழுப்புத் தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. ஒரு சனம் இல்லை. அவன் சொன்ன சொல் தட்டாமல் லீவரைத் தள்ளி ஃபோர்வீல் போட்டாள்.

முதலில் காலுக்கடியில் ஒரு முனகல் கேட்டது. தண்ணீருக்குக் கீழே நல்ல தார் வீதிதான். ஆனாலும் கெப் உதறி உதறி நகர்ந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. கருகிய எண்ணெய் மணம். லீவரைப் பின்னால் இழுத்தாள். அசையவில்லை. அடியில் டக்கென்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றது.

அந்த அமைதியில்தான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. கொட்டாஞ்சேனையில் தான் நடத்தும் கராஜுக்கு வருகிறவர்களிடமெல்லாம் தேனுஜன் வாய் ஓயாமல் சொல்வான்: ஃபோர்வீலுக்கு நாலு சில்லும் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஒன்று சின்னதாக இருந்தாலும் ஃபோர்வீல் போட்டதும் உள்ளே இறுகிப் பூட்டிக்கொள்ளும். அளவு தப்பிய சில்லைப் பூட்டிய வேலையாளை அடிக்கக் கையோங்கியவன் அவன்.

மறந்திருப்பான். அவசரத்தில் மறந்துதான் இருப்பான்.

தண்ணீர் கதவிடுக்கால் வந்து கணுக்காலைத் தொட்டது. கதவைத் தோளால் முட்டினாள். வெளியே நின்று யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் அது கிடந்தது. ஜன்னல் பொத்தானை அழுத்தினாள். டிக். டிக். கண்ணாடி இறங்கவில்லை. தேனுஜனுக்குப் போனில் கோல் எடுத்தாள். மணி போயிற்று. திரும்பவும் போயிற்று.

ரதி அக்காவாவது மாடியிலிருந்து வெளிச்சம் காட்டட்டும் என்று அவளுக்கு வீடியோ கோல் எடுத்தாள்.

எடுத்தது ரதியின் மகள். பின்னால் தெரு விளக்கு. அதற்குக் கீழே நீலக் கேற். பின்னேரம் சுபோதினி தன் கையால் சாத்திவிட்டு வந்த அவள் வீட்டுக் கேற்.

"மாமி, நீங்கள் வெளிக்கிட்ட உடனை நாங்கள் இஞ்ச வந்திட்டம்," என்றது பிள்ளை. "மாமா கொடி கட்டுறார். பாக்கப்போறீங்களோ?"

போன் திரும்பியது. விளக்குக் கம்பத்தில் ஏணி. அதை இரண்டு கையாலும் பிடித்தபடி ரதி. மேலே தேனுஜன். ஒழுங்கைத் தெரு நெடுக வெள்ளைக் கொடிகள், செத்த வீட்டுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடிகள்.

தண்ணீர் இருக்கைக்கு வந்துவிட்டது.

அவன் இறங்கி வந்து பிள்ளையிடமிருந்து போனை வாங்கினான். திரை நிறைய அவன் முகம். தேத்தண்ணி கொடுத்த அதே குரல்.

"தண்ணி எங்கமட்டும் வந்திட்டுது, சுபோ?"

தண்ணீர் படாமல் அவள் போனை உயர்த்திப் பிடித்தாள்.  அவன் கோலைத் துண்டிக்காமலே போனை மதிலில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கொடியை எடுத்து உதறிக்கொண்டு ஏணியில் ஏறினான்.