பதினாலாம் அறை லூபென்

நவம்பரில் செத்துப்போன லூபென், ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை வன அலுவலகத்தின் ஊழியர் பெயர்ப்பட்டியலில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தான். அதில் பெயர் இருந்தால்தான் அலுவலகக் கணினிக்குள் நுழைய முடியும். அந்தப் பட்டியலைத் திருத்தும் உரிமை ஸ்னெஷானா ஒருத்திக்குத்தான். அவள் அவனுடைய மனைவியும்கூட. புருஷன் பெயரில் நுழைந்து கோப்புகளைத் தோண்டுகிறாள் என்று முடிவு கட்டிய இயக்குநர், மறுநாள் மதியத்துக்குள் அவளை வேலையைவிட்டு நீக்குவதாக இருந்தார். அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமென்று தலைநகர் சோஃபியாவிலிருந்து கணினி வல்லுநர் தோதோராவை வரவழைத்திருந்தார்.

தோதோரா காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பாதுகாப்பு அதிகாரி விஹ்ரெனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"சாவி இவங்ககிட்ட. புருஷனும் இவங்க புருஷன். இதுல துப்புத் துலக்க என்னக்கா இருக்கு?"

"நீ செஞ்சியாம்மா?" என்று தோதோரா கேட்டாள்.

"தெரியலைங்க," என்றாள் ஸ்னெஷானா. "அவர் பேரை அழிச்சது நான்தான். அதுக்கப்புறம் என்ன செஞ்சேன்னு எதுவும் நினைவில இல்லை." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

லூபென் கடைசியாக எந்த அறையில் இருந்தான் என்று தோதோரா விசாரித்தாள். இருபத்திரண்டு என்று விஹ்ரென் முந்திக்கொண்டான். அக்டோபர் கடைசியில் மொத்தப் பிரிவும் மாடிக்குப் போனது, மேசை தூக்கிய முதுகுவலி இன்னும் போகவில்லை என்றான்.

"பட்டியல்ல பதினாலுன்னு இருக்கே, தம்பி."

விஹ்ரென் எட்டிப் பார்த்தான். மாடிக்குப் போகுமுன் இருந்த பழைய அறை அது.

"இங்கே அழிச்சதை இவளே திரும்ப எடுத்திருந்தா இருபத்திரண்டுன்னு வந்திருக்கும். இதே பட்டியல் நாலு இடத்துக் கணினியில இருக்கு. ஒண்ணு கேட்டதை மத்ததுக்குச் சொல்லும். அறை மாறினதையே கேட்காத கணினி எது?"

விஹ்ரென் மெல்ல உட்கார்ந்தான். "மலை உச்சி நிலையம். பனி விழுதுன்னு அக்டோபர் நடுவுலயே அணைச்சுட்டு இறங்கிடுவாங்க. இந்தத் திங்கக்கிழமைதான் போட்டாங்க. ஆனா போட்டதும் மத்தது மூணும் சாவைச் சொல்லியிருக்கணுமே, அக்கா?"

"அழிச்ச சேதியை நூத்தியெண்பது நாள்தான் வச்சிருக்கும். யாராவது செத்தா படம் போட்டு நாம வாசக்கதவுல ஒட்டற சாவுத்தாள் மாதிரி. அப்புறம் அதுவும் போயிடும். மலைக் கணினி விழிச்சுப் பாத்தப்போ மத்த மூணுலயும் தாளும் இல்லை, ஆளும் இல்லை. பேர் விட்டுப்போச்சுன்னு நினைச்சு எல்லாருக்கும் சொல்லிடுச்சு."

இயக்குநரிடம் தானே சொல்வதாக விஹ்ரென் முணுமுணுத்தான். ஸ்னெஷானாவை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்போ குளிர்காலம் பூரா அவர் மலையில பதினாலாம் அறையிலயே இருந்தாரா?" என்றாள் அவள்.

"இருந்தார்மா. இப்போ நாலும் விழிச்சிருக்கு. அழிச்சா நாலுக்கும் கேக்கும்."

அவள் அழித்தாள். பிறகு கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்தாள். லூபெனின் படம் போட்டு, அவன் செத்து ஆறு மாதம் ஆனதற்கு ஒட்ட வேண்டிய சாவுத்தாள். மேயில் அச்சடித்தது, ஒட்டவே இல்லை.

"விஹ்ரென், பசை இருக்கா? கேள்விப்படாதவங்க இன்னும் இருக்காங்க."